நிறையும் கணிப்பும்: பொலிகாளைத் தெரிவில் அளவீட்டின் இடமும் எல்லையும்

இலக்கியத்தைக் கற்பதையும் கற்பிப்பதையும் தொழிலாகக் கொண்ட நாம் இறைச்சி மாட்டினத்துப் பொலிகாளைகளைப் பற்றி எழுத முற்படுவது வாசகர் சிலருக்கு வியப்பளித்தல் கூடும். ஆயின் இப்பொருளில் அடங்கியுள்ள பிரச்சினை மாட்டுப் பட்டிக்கு மாத்திரம் உரியதன்று. கண்ணாற் கண்டதும் கையால் நிறுத்ததுமான ஒரு தரவுக்கும், பல தரவுகளின் தொடர்பிலிருந்து உய்த்தறியப்படும் ஒரு மதிப்பீட்டுக்கும் இடையே முரண் தோன்றுமிடத்து எதனை நம்புவது என்பதே அப்பிரச்சினை. முற்போக்காளராகிய நமக்கு அதில் வேறொரு அக்கறையும் உண்டு. பரம்பரை பற்றிய விஞ்ஞானத்தை நமது அணியினர் ஒரு காலத்திற் கையாண்ட முறை பெருந் துயரிற் சென்று முடிந்தது. அதன் காரணங்களை விளங்கிக்கொள்வதற்கு ஒரு காளையின் நிறை பற்றிய கேள்வி நல்லதொரு தொடக்கமாகும்.

1

ஐக்கிய அமெரிக்காவிற் பொலிகாளைகள் பல ஏலத்தில் விற்கப்படுகின்றன. ஏலத்துக்கு முன்னர் அச்சிடப்படும் பட்டியலில் ஒவ்வொரு காளைக்கும் எதிரே இருவகை எண்கள் காணப்படும். பிறந்தபோது நிறை, பால்குடி மறந்தபோது நிறை, ஓராண்டு நிறை முதலியன ஒருவகை. இவை தராசு காட்டியவை. 'எதிர்பார்க்கப்படும் சந்ததி வேறுபாடு' எனப்படும் கணிப்புக்கள் மற்றையவகை. ஈ.பி.டி. என்ற சுருக்கப் பெயராலேயே இவற்றைப் பண்ணையாளர் வழங்குவர். காளை எவ்வளவு நிறையுடையது என்பதை இவை கூறுவதில்லை. அதன் கன்றுகள் சராசரியாக எவ்வளவு வேறுபடும் என்பதையே கூறுகின்றன. பால்மறப்பு நிறைக்கு ஒரு காளையின் கணிப்பு +60 இறாத்தல், மற்றொன்றினது +40 இறாத்தல் எனின், ஒத்த பசுக்களோடு இணைத்து ஒத்த சூழலில் வளர்க்கப்படுமிடத்து முன்னையதன் கன்றுகள் சராசரியாக 20 இறாத்தல் கூடுதலாக நிற்கும் என்பதே பொருள். 60 என்ற எண்ணுக்குத் தனித்த பொருள் இல்லை. ஒப்பீட்டிலேயே அது பொருள் பெறுகின்றது.

பண்ணையாளர் மனம் இயல்பாகவே முதலாவது வகையை நாடும். "தராசு பொய் சொல்லாது" என்பது அவர் வாதம். கணிப்போ எங்கோ ஒரு கணனி வெளியிட்ட எண். இந்த மனச்சாய்வை அறியாமை என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அதன் வேர்கள் ஆழமானவை.

2

நவீன மாட்டின விருத்தியின் வரலாறு பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த றொபேட் பேக்வெல் (1725-1795) என்பாரோடு தொடங்குவதாகக் கொள்வர். நிலம் மூலதனத்தின் ஆட்சிக்குட்பட்டுவந்த காலம் அது. செம்மறியையும் மாட்டையும் விரைவில் கொழுக்க வைத்துச் சந்தைக்கு அனுப்புவதே பேக்வெலின் இலக்கு. 'மூலதனம்' இரண்டாந் தொகுதியில் மார்க்ஸ் இவரைக் குறிப்பிடுவது தற்செயலன்று. விலங்கின் வளர்ச்சிக்காலம் குறையுமிடத்து மூலதனம் சுழலும் காலமும் குறைகின்றது என்பதற்கு அவர் காட்டும் உதாரணம் பேக்வெலின் செம்மறிகளே. பேக்வெல் தம் கிடாய்களை விற்காது பருவத்துக்குப் பருவம் வாடகைக்கு விட்டார். இதனால் ஒரு கிடாயின் குட்டிகள் பல பண்ணைகளில் எவ்வாறு வளர்கின்றன என்பதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. தந்தையை அதன் தோற்றத்தால் அன்றிச் சந்ததியால் மதிப்பிடும் முறையின் கரு இங்கேயே உள்ளது.

ஆனால் அடுத்துவந்த நூறாண்டுகள் அவ்வழிச் செல்லவில்லை. 1810இல் கொமற் என்னும் ஷோர்ட்ஹோர்ன் காளை 1000 கினிக்கு விலைபோயிற்று. 1822இல் அவ்வினத்துக்கு மந்தைப் பதிவேடு அச்சாயிற்று. குலவரிசையும் கண்காட்சிப் பரிசும் காளையின் விலையைத் தீர்மானித்தன. நிலப்பிரபுக் குடும்பங்கள் தம்மை மதித்துக்கொண்ட அதே அளவுகோல் அவர்தம் மாடுகளுக்கும் பொருந்தியது எனலாம்.

கண்ணை மாத்திரம் நம்பியதன் விலையை அமெரிக்கா 1940களிலும் 1950களிலும் செலுத்தியது. அக்காலக் கண்காட்சிகளில் குறுகிய கால்களும் திரண்ட உடலும் கொண்ட காளைகளே பரிசு பெற்றன. அத்தோற்றத்தை விரும்பித் தெரிந்தபோது, குள்ளத்தன்மையை விளைவிக்கும் பின்னிடைவான பரம்பரையலகு ஒன்றை மறைவாகத் தாங்கிய காளைகளும் உடன் தெரியப்பட்டன. அவ்வலகைத் தாயும் தந்தையும் ஒருங்கே தாங்கிய இடங்களிற் குள்ளக் கன்றுகள் பிறந்தன. ஹெரபோட், அங்கஸ் ஆகிய இரு பேரினங்களும் பாதிக்கப்பட்டன. நடுவரின் கண் போற்றிய அழகு உண்மையில் ஒரு நோயின் அரைத் தோற்றமாக இருந்தது.

எனவே தராசு வந்தமை ஒரு முன்னேற்றமே. மொன்ரானா மாநிலத்து மைல்ஸ் சிற்றி ஆராய்ச்சி நிலையத்தில் 1934இல் 'முதலாம் வரிசை' எனப்பட்ட ஹெரபோட் மந்தை தொடங்கப்பட்டு, வளர்ச்சி முறையாக அளக்கப்பட்டது. அயோவாவில் ஜே லஷ் 1937இல் வெளியிட்ட நூல் விலங்கின விருத்தியைப் புள்ளிவிபரவியல் அடிப்படையில் நிறுத்தியது. பரிசுப் பட்டிக்கு எதிராகத் தராசைப் பிடித்தவர்கள் அன்றைய முற்போக்காளர். இன்று கணிப்புக்கு எதிராகத் தராசைப் பிடிப்போர் அப்பெயருக்கு உரியவரா என்பதே நம் கேள்வி.

3

தராசு பொய் சொல்வதில்லை என்பது மெய்யே. ஆயின் நாம் கேட்காத கேள்விக்கு அது விடையளிக்கின்றது. ஒரு காளைக்கன்றின் நிறையில் அதன் பரம்பரையும் உண்டு. தாயின் வயதும் பாலும் உண்டு. மழையும் புல்லும் தீனியும் உண்டு. இவற்றுட் பரம்பரையின் ஒரு பகுதி மாத்திரமே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். வாங்குவோர் விலைகொடுப்பது அதற்கே. தீனியை எவரும் விந்தின் வழி கடத்திவிட முடியாது.

இக்கலப்பைப் பிரிக்கும் முயற்சி படிப்படியாக நிகழ்ந்தது. முதற்படி திருத்தம். பிறக்கும்போது 80 இறாத்தலும் 192ஆம் நாளில் 560 இறாத்தலும் நின்ற ஒரு கன்று நாளொன்றுக்கு 2.5 இறாத்தல் வளர்ந்துள்ளது. எல்லாக் கன்றுகளையும் 205ஆம் நாளுக்குக் கொணர்ந்து ஒப்பிடுவது வழக்கமாதலின், இக்கன்றின் திருத்திய நிறை 592.5 இறாத்தலாகும். தாய் இளம்பசுவாயின் அதற்கென ஒரு தொகை மேலுஞ் சேர்க்கப்படும்.

இரண்டாம்படி சமகாலக் குழு. ஒரே பட்டியில், ஒரே பருவத்தில், ஒரே பராமரிப்பில் வளர்ந்த ஒரே பாற் கன்றுகள் ஒரு குழு. கன்றின் நிறையன்று, குழுச் சராசரியிலிருந்து அது விலகும் அளவே கணக்கிற் கொள்ளப்படும். ஓர் உதாரணம் கொள்வோம். செழிப்பான பட்டியொன்றின் சராசரி 600 இறாத்தல். அங்குள்ள ஒரு காளை 650. வரண்ட பட்டியொன்றின் சராசரி 500. அங்குள்ள ஒரு காளை 580. தராசை மாத்திரம் நோக்கின் முன்னையது 70 இறாத்தலால் மேம்பட்டது. விலகலை நோக்கின் முன்னையது +50, பின்னையது +80.

மூன்றாம்படி பரம்பரைத்தகவு. ஒரு குழுவில் விலங்குகளுக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு கடத்தப்படக்கூடிய பரம்பரை வேறுபாட்டால் ஆனது என்பதை அது குறிக்கும். பால்மறப்பு நிறைக்கு அது ஏறத்தாழ நான்கிலொன்று. எனவே மேற்சொன்ன விலகல்கள் 12.5, 20 எனச் சுருங்கும். கன்றுக்குத் தந்தை வழங்குவது தன் பரம்பரையிற் பாதியே ஆதலின் அவை 6.25, 10 என மேலுஞ் சுருங்கும். தராசில் 70 இறாத்தலாகத் தோன்றிய மேம்பாடு கணிப்பில் மறைவது மட்டுமன்றித் திசையும் மாறிவிடுகின்றது.

இங்கே வாசகர் ஒரு தடையை எழுப்பலாம். செழிப்பான பட்டியின் சராசரி உயர்ந்திருப்பது புல்லால் மட்டுந்தானா? அங்குள்ள மாடுகளே மேலானவையாக இருத்தல் கூடாதா? தக்க தடைதான். இதற்கு விடை தந்தவர் கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாள்ஸ் ஹெண்டர்சன் (1911-1989). செயற்கைமுறைச் சினைப்படுத்தலால் ஒரே காளையின் கன்றுகள் பல பட்டிகளிற் பிறக்கின்றன. இப்பொதுத் தந்தையர் பட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பாலமாவர். ஒரே தந்தையின் கன்றுகள் ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் நிற்பின் அவ்வேறுபாட்டிற் பட்டியின் பங்கை அறியலாம். உறவு முழுவதையும், பட்டிகள் முழுவதையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் வைத்துச் சூழலையும் பரம்பரையையும் ஒருங்கே மதிப்பிடும் முறையை அவர் வகுத்தார். 1968இல் மாட்டின மேம்பாட்டுச் சம்மேளனம் உருவாகி அளவீட்டு நெறிகளை ஒழுங்குபடுத்தியது. 1971இல் அமெரிக்க சிமென்ரல் சங்கம் இறைச்சி மாடுகளுக்கான முதலாவது தந்தைக் காளை மதிப்பீட்டை வெளியிட்டது. ஏனைய சங்கங்கள் பின்தொடர்ந்தன.

4

ஆகவே அளவீடும் கணிப்பும் எதிரெதிரானவை என்ற எண்ணமே தவறானது. கணிப்பு என்பது அளவீடுகளின் தொகுப்பு. காளையின் சொந்த நிறை, அதன் உடன்பிறப்புக்கள், பெற்றோர், கன்றுகள் ஆகிய அனைத்தின் நிறைகளும் தத்தம் தகுதிக்கேற்ப அதனுள் ஏற்கெனவே சேர்ந்துள்ளன.

இதிலிருந்து நடைமுறை முடிவொன்று பிறக்கின்றது. கணிப்பையும் பார்த்து, "எதற்கும் இருக்கட்டும்" என்று சொந்த நிறையையும் சேர்த்து எடைபோடுபவர் ஒரே சான்றை இருமுறை எண்ணுகின்றார். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த அனுபவமுடையோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஓர் ஏட்டையும் அதனைப் பார்த்தெழுதிய படியையும் இரு சாட்சிகளாகக் கொள்ளும் பதிப்பாசிரியர், பிழையான பாடத்துக்குப் பெரும்பான்மைப் பலம் தேடிக்கொடுத்தவராவார். ஈனும் இலகு பற்றிய கணிப்பும் அத்தகையதே. பிறப்பு நிறை அதனுள் ஒரு சான்றாக ஏற்கெனவே அடங்கும். முதன்முறை ஈனப்போகும் நாகுகளுக்குக் காளை தேடுவோர் இரண்டையுந் தனித்தனியே நோக்கித் தெரிவாராயின், தேவைக்கு மேல் சிறுத்த கன்றுகளையே பெறுவர்.

அளக்கவே முடியாத பண்புகளும் உள. காளை பால் சுரப்பதில்லை; ஆயினும் தன் மகள்களின் பால்வளத்தை அது தீர்மானிக்கின்றது. இறைச்சியின் தரத்தை நேரே அளப்பதற்குக் காளையைக் கொல்லவேண்டும். கொன்றபின் அது பொலிகாளையன்று. இத்தகைய இடங்களில் உறவினர் வழிக் கணிப்பு இன்றியமையாததாகின்றது.

ஆயினும் கணிப்பின் எல்லைகளையும் மறைத்தலாகாது. முதலாவதாக, அது சராசரி பற்றியது. ஒரே தாய்தந்தையர்க்குப் பிறந்த இரு காளைகளுக்குப் பெற்றோர் வழிக் கணிப்பு ஒன்றே. ஆனால் பெற்றோரின் பரம்பரையலகுகளில் எப்பாதி எதற்குச் சென்றது என்பது குலுக்கல் போன்றது. பரம்பரை வேறுபாட்டில் ஏறத்தாழ அரைப்பங்கு இவ்வாறு உடன்பிறந்தார் இடையிலேயே உள்ளது. அவர்களைப் பிரித்தறியச் சொந்த அளவீடோ, சந்ததியோ, பரம்பரைப் பொருளின் சோதனையோ வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு கணிப்புக்கும் 0 முதல் 1 வரையான நம்பகத்தன்மை எண் ஒன்று உண்டு. கன்றுகள் பெறாத இளங்காளையின் கணிப்பு நாளை மாறக்கூடும் என்பதை அவ்வெண் ஒளிக்காது கூறுகின்றது. மூன்றாவதாக, காளை நடக்குமா, குளம்பு நன்றா, விந்து வளமானதா என்பன நேரிற் சோதித்தே அறியப்படவேண்டியன. பதினைந்து மாதத்துக்குட்பட்ட காளையின் விதைப்பைச் சுற்றளவு குறைந்தது 30 சென்ரிமீற்றர் இருத்தல் வேண்டும் என்பது மிருகவைத்தியர் கொள்ளும் நியமம். மிகச் சிறந்த கணிப்புடைய மலட்டுக் காளையால் யாதும் பயனில்லை. காளையின் உடலைப் பற்றிய கேள்விக்கு அளவீடே விடை. கன்றுகளைப் பற்றிய கேள்விக்குக் கணிப்பே விடை.

பரம்பரைப் பொருளை நேரே வாசிக்கும் காலமும் வந்துவிட்டது. 2001இல் மியூவிசன், ஹேஸ், கொடார்ட் ஆகியோர் அதன் கோட்பாட்டை முன்வைத்தனர். 2009இல் மாட்டின் முழுப் பரம்பரைத் தொகுதி வெளியாயிற்று. அதற்கு உடல் தந்த பசு, 1934இல் தொடங்கிய அதே மைல்ஸ் சிற்றி மந்தையின் வழித்தோன்றல். இது வெறுந் தற்செயலென நாம் கருதவில்லை. எழுபத்தைந்தாண்டு அளவீட்டின் மீதே புதிய வாசிப்பு எழுந்தது. இன்று கன்றின் மயிரிலிருந்து சுமார் 50,000 குறியிடங்களை வாசிக்கலாம். ஆனால் எக்குறி எந்த நிறையைச் சுட்டும் என்பதைக் குறிகள் தாமே கூறா. ஆயிரமாயிரம் மாடுகளை நிறுத்துப் பெற்ற தரவே அதனைக் கூறும். நிறுப்போர் நிறுத்தலைக் கைவிடின் கணிப்பு மெல்லமெல்லக் குருடாகும். கணிப்பு வெல்லவெல்ல அளவீட்டின் தேவை கூடுகின்றது என்பதே இத்துறையின் இயங்கியல்.

5

அளவீட்டின் நேர்மை பற்றி ஒன்று கூறல் வேண்டும். மெலிந்த கன்றுகளை அறிக்கையிடாது விட்டால் தம் மந்தை சிறப்பாகத் தோன்றும் என எண்ணும் பண்ணையாளர் உண்டு. பத்துக் கன்றுகளின் சராசரி 550 இறாத்தல், சிறந்த கன்று 620 எனக் கொள்வோம். அதன் மேம்பாடு 70. தலா 450 இறாத்தலான இரண்டை மறைத்தால் எஞ்சிய எட்டின் சராசரி 575 ஆகிவிடும். சிறந்த கன்றின் மேம்பாடோ 45 ஆகக் குறையும். சராசரி உயர்கின்றது, உண்மை அழிகின்றது, மறைத்தவரே தோற்கின்றார்.

இவ்விடத்திலேயே நாம் தொடக்கத்திற் குறிப்பிட்ட துயரத்துக்கு வருகின்றோம். 1948 ஆகஸ்டில் சோவியத் விவசாய விஞ்ஞான அக்கடமியின் கூட்டத்தில் லைசென்கோவின் கருத்துக்கள் அரச கொள்கையாயின. பிறப்புரிமையியல் 'இலட்சியவாதம்' எனத் தள்ளப்பட்டது. அதற்கு ஐந்தாண்டுகட்கு முன்னரே, 1943இல், தாவர விஞ்ஞானி வவிலோவ் சராத்தோவ் சிறையில் மடிந்திருந்தார். பின்னாளில் லைசென்கோ மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள லெனின்குன்றுப் பண்ணையில் ஜேர்சிக் காளைகளைக் கலந்து கொழுப்பு மிக்க பால் தரும் மந்தையைப் படைத்ததாகக் கூறினார். அவர் காட்டியவை அளவீடுகளே, கண்ணாற் காணத்தக்க பசுக்களே, நிறுத்தறிந்த பாலே. 1965இல் விஞ்ஞான அக்கடமியின் குழு பண்ணைப் பதிவேடுகளைச் சோதித்தபோது அவ்வுரிமைபாராட்டல்கள் நிலைபெறவில்லை. நல்ல தீனியும், பயன் குறைந்த பசுக்களைக் கழித்தலும், முறையான ஒப்பீடின்மையும் சேர்ந்து அமைத்த தோற்றமாகவே அது காணப்பட்டது. சமகாலக் குழு என்ற ஒரு கருத்தை ஏற்றிருந்தால் அப்பண்ணை எவரையும் ஏமாற்றியிராது.

பரம்பரையை மறுத்தால் மக்கள் சமத்துவம் காக்கப்படும் என நம்மவர் சிலர் எண்ணியதற்கு ஒரு நியாயம் இருந்தது. பரம்பரை என்ற பெயரால் ஏகாதிபத்தியமும் நாசிசமும் இழைத்த கொடுமைகள் கண்முன் நின்றன. ஆனால் அக்கொடுமைக்கு விடை விஞ்ஞானத்தை மறுப்பதன்று. அதனைச் சரியாகக் கற்பதே. மார்க்சியரான பிறப்புரிமையியலாளர் றிச்சட் லெவொன்ரின் 1970இல் இதனைத் தெளிவாக்கினார். ஒரே பையிலிருந்து எடுத்த விதைகளை வளமான மண்ணிலும் வளமற்ற மண்ணிலும் இடுவோம். ஒவ்வொரு மண்ணினுள்ளும் செடிகளின் வேறுபாடு முற்றும் பரம்பரையால் ஆகலாம். இரு மண்களுக்கிடையான வேறுபாடோ முற்றும் மண்ணால் ஆவது. மாட்டினக் கணிப்பாளர் நாள்தோறும் கைக்கொள்ளும் சமகாலக் குழு நெறியும் இதுவேயன்றோ? வேறு பட்டியில் வளர்ந்த காளைகளின் நிறையை நேரே ஒப்பிடலாகாது என்பதை மொன்ரானாப் பண்ணையாளர் அறிவார். சேரியில் வளர்ந்த பிள்ளையையும் மாளிகையில் வளர்ந்த பிள்ளையையும் ஒரே பரீட்சைப் புள்ளியால் ஒப்பிட்டுப் பரம்பரை பேசுவோர், அப்பண்ணையாளர் கன்றுக்குக் காட்டும் நியாயத்தைக் குழந்தைக்குக் காட்டாதவர்கள்.

6

இறுதியாக, கணிப்பு யாருக்குப் பணிசெய்கின்றது? கணக்கு எப்பக்கமுஞ் சாராது. ஆனால் கணக்கின் இலக்கை வகுப்போர் சார்வர். பல கணிப்புக்களை ஒன்றாக்கி டொலரிற் கூறும் சுட்டெண்களைச் சங்கங்கள் வெளியிடுகின்றன. வளர்ச்சிக்கு எவ்வளவு, இறைச்சியின் கொழுப்புத் துணுக்குக்கு எவ்வளவு, பசுவின் தீனிச் செலவுக்கு எவ்வளவு என்ற நிறைமதிப்புக்கள் அவற்றுட் பொதிந்துள்ளன. அமெரிக்காவிற் கொழுக்கவைத்த மாடுகளுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நான்கு பெருங் கம்பனிகளாலேயே கொள்வனவு செய்யப்படுகின்றன. கன்றைப் பால்மறந்தவுடன் விற்கும் சிறு பண்ணையாளர், பெரிய உடலும் மிகு கொழுப்பும் நோக்கிய சுட்டெண்ணைப் பின்பற்றினால், பெருத்துவரும் தம் பசுக்களுக்கு ஆண்டு முழுதும் தீனியிடும் செலவைத் தாமே சுமப்பர். இலாபம் வேறிடஞ் செல்லும். பேக்வெலின் செம்மறியில் மார்க்ஸ் கண்ட உறவு மறைந்துவிடவில்லை, சமன்பாட்டுக்குள் இடம்பெயர்ந்துள்ளது.

எனவே கேள்விகளைப் பிரித்துக் கேட்டல் வேண்டும். கன்று எவ்வாறு அமையும் என்பது விஞ்ஞானத்தின் கேள்வி; அதற்குத் தனித்த தராசைவிடக் கணிப்பே நேர்மையான விடை தருகின்றது. எத்தகைய கன்று வேண்டும், யாருக்கு வேண்டும் என்பது சமூகத்தின் கேள்வி. அதற்கு எந்தக் கணனியிடமும் விடை இல்லை. முதலாவதை அரசியலால் மறுத்தபோது வவிலோவை இழந்தோம். இரண்டாவதை விஞ்ஞானத்தின் பெயரால் மூடிமறைக்க அனுமதிப்போமாயின், தீனியிடுவோர் ஒருவராகவும் விலையைத் தீர்மானிப்போர் வேறொருவராகவும் இருக்கும் நிலையே தொடரும்.